தம்பியின் ரத்தத்தில் 0.41: இரண்டு ரிப்போர்ட்டுகளில் எதை நம்புவது?

தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தம் தம்பியைப் பற்றி ஐந்து பக்கங்களுக்கு எழுதி, பரிசோதனை அறிக்கைகளின் நகல்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தம்பிக்கு வயது 36. திருமணமான ஆறாவது மாதத்தில் விடாத காய்ச்சலும் ஈறு வீக்கமும் வந்து, பரிசோதித்தபோது தீவிர மைலாய்டு லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நோயணுக்களில் 'என்பிஎம்1' என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. 'எஃப்எல்டி3' மரபணுவில் மாற்றம் இல்லை. முதல் சுற்றுக் கீமோவிலேயே நோய் அடங்கியது. தொடர்ந்து மூன்று சுற்றுகள் கொடுத்துச் சிகிச்சையை நிறைவு செய்தார்கள். இரண்டாம் சுற்றுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் என்பிஎம்1 கண்டறியப்படவில்லை. சிகிச்சை முடிவில் எடுத்த எலும்பு மஜ்ஜையில் அது 0.006 சதவீதம் இருந்தது. கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் மீண்டும் 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் நோய் போய்விட்டது என்று குடும்பமே குலதெய்வம் கோயிலுக்குச் சென்று நேர்த்திக்கடன் செலுத்தியது. தம்பி வேலைக்குத் திரும்பினார். அடுத்த பரிசோதனை ஐந்து மாதம் தள்ளிப் போயிற்று. அப்போது ரத்தத்தில் 0.03 சதவீதம். ஒன்பது வாரம் கழித்து, இன்னோர் ஆய்வகத்தில், 0.41 சதவீதம்.

மஜ்ஜையை உடனே பரிசோதிக்க வேண்டும், நோய் திரும்புவது உறுதியானால் அக்காவின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களைக் கொண்டு மஜ்ஜை மாற்று செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். குடும்பம் தயங்குகிறது. தம்பியின் ஹீமோகுளோபின் 13.6; தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல்; வெள்ளணுக்களும் சரியாக இருக்கின்றன. போதாததற்கு, அதே வாரத்தில் உள்ளூரில் செய்த 'டபிள்யூடி1' என்ற இன்னொரு மரபணுப் பரிசோதனை, 34 பிரதிகள், இயல்பு வரம்புக்குள், என்று சொல்கிறது. "தூங்குகிற புலியை இடறிவிடாதீர்கள்" என்கிறார் தாய்மாமன். 0.41 வந்த செய்தி தம்பிக்கு இன்னும் தெரியாது. அந்த அறிக்கை அக்காவின் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. எந்த அறிக்கை உண்மை, இது பரம்பரை நோயா, தம் குழந்தைகளுக்குப் பரிசோதனை வேண்டுமா, கொடையாளராவதால் தமக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பியை நான் நேரில் பார்க்கவில்லை. அவருடைய மருத்துவரின் இடத்தில் நின்று முடிவு சொல்ல என்னால் ஆகாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கைகளை வரிசைப்படுத்திப் படித்தேன். உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் விவாதம் சில தவறான புரிதல்களின் மேல் நிற்கிறது. அவற்றை விலக்கிவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்பது உங்களுக்கே தெளிவாகும் என்று நம்புகிறேன்.

இரண்டு அறிக்கைகளும் பொய் சொல்லவில்லை

டபிள்யூடி1 இயல்பு என்பதும் என்பிஎம்1 கூடுகிறது என்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்கிறீர்கள். முரண் இல்லை. இரண்டு பரிசோதனைகளும் செய்யப்படும் முறை ஒன்றுதான். ரத்தத்திலுள்ள அணுக்களிலிருந்து ஆர்என்ஏவை, அதாவது மரபணுக்கள் உண்டாக்கும் நகல்களைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட மரபணு எத்தனை ஆர்என்ஏ பிரதிகளை உண்டாக்கியிருக்கிறது என்பதைப் பிசிஆர் கருவியில் எண்ணுகிறார்கள். மரபணுவின் வெளிப்பாடு என்று நாங்கள் சொல்வது இந்தப் பிரதிகளின் அளவைத்தான். மாதிரியில் அணுக்கள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், எல்லா அணுக்களிலும் ஓரளவு சீராக வெளிப்படும் 'ஏபிஎல்' என்ற மரபணுவையும் உடன் எண்ணி, அதனோடு ஒப்பிட்டு விடை தருகிறார்கள்.

எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. டபிள்யூடி1 முதலில் குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய் ஒன்றில் அறியப்பட்ட மரபணு. தீவிர லுகீமியா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது மிகையாக வெளிப்படுகிறது. மரபணு மாற்றம் எதுவும் தெரியாத நோயாளிக்கும் பயன்படும் என்பதால் அதை ஒரு பொது அடையாளமாக ஆராய்ச்சியாளர்கள் விரும்பினார்கள். 2009இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி அந்தப் பரிசோதனையை ஒழுங்குபடுத்தியபோது, பத்தாயிரம் ஏபிஎல் பிரதிகளுக்கு ரத்தத்தில் 50, மஜ்ஜையில் 250 என்று இயல்பின் மேல்வரம்பை வகுத்தன. இப்படி ஒரு வரம்பு வேண்டியிருப்பதற்குக் காரணம், நலமான அணுக்களும் டபிள்யூடி1ஐக் கொஞ்சம் உண்டாக்குகின்றன என்பதே. அந்தக் கொஞ்சத்துக்குள் ஒளிந்திருக்கும் நோயணுக்களை இந்தப் பரிசோதனையால் பிரித்துக் காட்ட முடியாது. சந்தைக்கு வெளியே நின்று இரைச்சல் கூடியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது போன்றது அது. உள்ளே புதிதாக நான்கு பேர் நுழைந்தது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

என்பிஎம்1 மாற்றம் அப்படிப்பட்டதன்று. இத்தாலியின் பெருஜியாவில் புருனாஞ்செலோ ஃபாலினியின் குழுவினர் 2005இல் கண்டறிந்து சொன்ன இந்த மாற்றம், பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு லுகீமியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. பெரும்பாலும் மரபணுவின் ஓரிடத்தில் நான்கு எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். நலமான அணு எதுவும் அந்த மாறிய பிரதியை உண்டாக்குவதில்லை. ஆகவே இங்கே 'இயல்பு வரம்பு' என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தாயிரத்தில், சில வேளை லட்சத்தில், ஓர் அணு இருந்தாலும் பரிசோதனை அதைப் பிடித்துவிடும். 2021இல் ஐரோப்பிய லுகீமியா வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு நம்பகமான அடையாளம் இல்லாதவர்களுக்கு அன்றி டபிள்யூடி1ஐக் கொண்டு எஞ்சிய நோயைக் கண்காணிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் தம்பிக்கு நம்பகமான அடையாளம் இருக்கிறது. மேலும், நோய் கண்டறியப்பட்ட நாளில் அவருடைய டபிள்யூடி1 எவ்வளவு இருந்தது என்று எந்த அறிக்கையிலும் இல்லை. தொடக்கத்தில் உயர்ந்திருந்ததா என்றே தெரியாத ஒன்று இப்போது இயல்பாக இருப்பதை வைத்து ஆறுதல் கொள்ள வழியில்லை.

'கண்டறியப்படவில்லை' என்ற அந்த அறிக்கை

சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதத்தில் வந்த, நீங்கள் கோயிலுக்குச் செல்லக் காரணமான அறிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இரண்டாம் பக்கத்தின் அடியில், ஏபிஎல் பிரதிகள் 5,200 என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாம் கீமோவுக்குப் பின் எடுத்த அறிக்கையில் இதே எண் 41,000. மாதிரியில் குறைந்தது 10,000 ஏபிஎல் பிரதிகளாவது இருந்தால்தான் 'கண்டறியப்படவில்லை' என்ற விடைக்குப் பொருள் உண்டு. ஆர்என்ஏ எளிதில் சிதைந்துவிடும் பொருள். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் வெயிலில் கூரியர் வண்டியில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலே அளவு இறங்கிவிடும். நான்கு பேர் தேட வேண்டிய வயலில் ஒருவர் மட்டும் தேடிவிட்டு 'பாம்பு இல்லை' என்று சொன்னதைப் போன்றது அந்த அறிக்கை. ஆய்வகம் அதை 'போதாத மாதிரி' என்று குறித்து மறுபடி ரத்தம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த அடிக்குறிப்பைப் படித்துப் பொருள் சொல்வது எங்கள் வேலை. இனி வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

அதற்கு அடுத்த ஐந்து மாத இடைவெளியும் நேர்ந்திருக்கக் கூடாது. என்பிஎம்1 மாற்றம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் வரை, ரத்தமானால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மஜ்ஜையானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. கடந்ததை விடுங்கள், இனி இடைவெளி விழ வேண்டாம்.

0.41 சிறிய எண் அன்று. சதவீதக் கணக்கும் நீங்கள் நினைப்பது அன்று

"நூறில் அரை கூட இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சதவீதம் நூறு அணுக்களில் எத்தனை நோயணு என்ற கணக்கன்று. நூறு ஏபிஎல் பிரதிகளுக்கு எத்தனை என்பிஎம்1 பிரதிகள் என்ற விகிதம் அது. நோய் முற்றியிருக்கும் நாளில் இந்த எண் சில நூறு சதவீதமாகவும் இருப்பதுண்டு. எனவே எண் தனியாக நின்று அதிகம் சொல்வதில்லை. அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்பதே செய்தி. 0.03 ஒன்பது வாரத்தில் 0.41 ஆனது என்றால் சுமார் பதினான்கு மடங்கு. கணக்கிட்டால் பதினாறு பதினேழு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு ஆய்வகங்களின் அளவுகள் என்பதால் இந்தக் கணக்கில் பிழை இருக்கலாம். ஆனால் அந்தப் பிழையைத் தாராளமாகக் கழித்தாலும் ஏறுமுகம் மாறாது.

ரத்த எண்ணிக்கைகள் சரியாக இருக்கும் ஒருவருக்கு மூலக்கூறு அளவில் நோய் திரும்புவதை இப்படித்தான் நாங்கள் அறிகிறோம்: இல்லாதிருந்தது தோன்ற வேண்டும், அல்லது இருந்தது பத்து மடங்கு உயர வேண்டும், நான்கு வாரத்துக்குள் எடுக்கும் இன்னொரு மாதிரி, கூடுமானால் மஜ்ஜை, அதை உறுதிசெய்ய வேண்டும். உங்கள் தம்பியிடம் முதல் பகுதி நடந்துவிட்டது. இரண்டாம் பகுதிதான் மிச்சம். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் இயல்பாக இருப்பது இதற்கு மறுப்பாகாது. மஜ்ஜை நெடுங்காலம் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்; நோயணுக்கள் பெருகி அதை நெருக்கித் தள்ளும்போதுதான் எண்ணிக்கைகள் சரியத் தொடங்கும். இந்தப் பரிசோதனை அதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்னதாகவே எச்சரிக்கிறது. மாமாவிடம் பணிவோடு சொல்லுங்கள்: புலி தூங்கவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டது, நமக்கு அது தெரிந்திருப்பது நம் நல்வாய்ப்பு.

இந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 346 நோயாளிகளின் 2,569 மாதிரிகளைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வில், இரண்டாம் சுற்றுக் கீமோவுக்குப் பின்னும் ரத்தத்தில் என்பிஎம்1 எஞ்சியிருந்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 82 சதவீதம். எஞ்சாதவர்களில் 30 சதவீதம். உங்கள் தம்பி அந்த நல்ல பிரிவில் இருந்தவர்தான். ஆனால் அந்தப் பிரிவிலும் பத்தில் மூவருக்கு நோய் திரும்பியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொடர் பரிசோதனையில் அளவு ஏறிக்கொண்டே போவது நோய் திரும்புவதை நம்பத்தக்க முறையில் முன்கூட்டிக் காட்டியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிவில் மிகக் குறைந்த அளவில் என்பிஎம்1 இருந்தவர்களில் கணிசமானோருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. அதனால்தான் 0.006 வந்தபோது உங்கள் மருத்துவர் மருந்து எதுவும் கொடுக்காமல் காத்திருந்தார். அவர் செய்தது சரி. மேலும், கண்காணிக்கப்பட்டவர்களையும் கண்காணிக்கப்படாதவர்களையும் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில், மொத்தமாகப் பார்க்கையில் உயிர் பிழைத்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எஃப்எல்டி3 மாற்றமும் சேர்ந்திருந்தவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. பரிசோதனை செய்வதே யாரையும் காப்பாற்றிவிடாது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அது பெற்றுத்தரும் கால அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

டிஎன்எம்டி3ஏ 17 சதவீதம் என்ற பயம்

மரபணு வரிசை அறிக்கையில் டிஎன்எம்டி3ஏ என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் 17 சதவீதம் இன்னும் இருப்பதைப் பார்த்து, நோயில் ஆறில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது என்று உங்கள் கணவர் கலங்கியிருக்கிறார். கலங்க வேண்டாம். அந்த மாற்றம் லுகீமியாவுக்கு வெகுமுன்னரே மூல அணுக்களில் தோன்றி, நோய் முழுதாக அடங்கிய பிறகும் தொடரக்கூடியது. எஞ்சிய நோயின் அளவாக அதை எண்ணுவதில்லை. பெரிய எண் இங்கே அச்சத்துக்குரியதன்று, சிறிய எண் அங்கே அலட்சியத்துக்குரியதன்று என்பது உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை.

இப்போது இருக்கும் வழிகள்

முதல் வேலை மஜ்ஜைப் பரிசோதனை. 'முதுகுத்தண்டில் ஊசி போட்டு நடக்க முடியாமல் போய்விடும்' என்று உங்கள் அம்மா அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊசி முதுகுத்தண்டில் போடப்படுவதே இல்லை; இடுப்பெலும்பின் பின்பகுதியில், மரத்துப்போகும் மருந்து செலுத்திய பிறகு எடுக்கிறார்கள். வலி உண்டு, ஓரிரு நாளில் அடங்கிவிடும். ரத்தம் மட்டும் போதாதா என்றால், வழக்கமான கண்காணிப்புக்கு ரத்தம் போதும். ஆனால் நோயின் தடயம் மஜ்ஜையில் ரத்தத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பதாலும், நுண்ணோக்கியில் நோயணுக்கள் தென்படத் தொடங்கிவிட்டனவா என்று பார்க்க வேண்டியிருப்பதாலும் இந்த ஒருமுறை மஜ்ஜை வேண்டும். 0.03 அளந்த ஆய்வகத்துக்கே மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். எஃப்எல்டி3ஐயும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இல்லாதிருந்த மாற்றம் நோய் திரும்பும்போது சேர்ந்துகொள்வதுண்டு, அதற்கெனத் தனி மாத்திரைகளும் உண்டு.

மஜ்ஜையில் ஏற்றம் உறுதியாகாவிட்டால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் காத்திருப்பது நியாயமான வழி. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

உறுதியானால், நிலையான குணத்துக்கு மிகுந்த வாய்ப்பளிப்பது கொடையாளரிடமிருந்து செய்யும் மஜ்ஜை மாற்றுதான் என்பதில் உங்கள் மருத்துவரோடு நானும் உடன்படுகிறேன். அதற்கு ஆயத்தமாகும் வாரங்களில் நோயைத் தாழ்த்தி வைக்க அசாசிடிடின் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் பல மையங்களில் தரப்படுகின்றன. ஜெர்மனியில் நடந்து 2018இல் வெளியான ரெலாசா2 ஆய்வில், எண்ணிக்கைகள் சரியும் முன்பே அசாசிடிடின் மட்டும் பெற்ற 53 பேரில் 31 பேர் ஆறு மாதம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். அவகாசம் வாங்கித் தரும் மருந்து அது என்பதற்கு இது சான்று. மாற்றுக்கு அது ஈடாகும் என்பதற்குச் சான்றன்று.

மாற்று சிகிச்சையின் ஆபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொற்று, கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் நிலை, மாதக்கணக்கில் நீளும் மருந்துகள், வேலை இழப்பு எல்லாம் உண்டு. நோயால் அல்லாமல் சிகிச்சையாலேயே உயிரிழப்போரும் உண்டு. அந்த விகிதம் மையத்துக்கு மையம், வயதுக்கு வயது மாறும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் "இந்த வயதில், முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பிடமிருந்து, உங்கள் மையத்தில் செய்தவர்களில் முதல் ஆண்டில் எத்தனை பேரை இழந்தீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வியால் நல்ல மருத்துவர் யாரும் புண்பட மாட்டார். ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பது 'ஒன்றும் செய்யாமல் இப்படியே நலமாக இருப்பது' அன்று. எண்ணிக்கைகள் சரிந்து நோய் முழுதாகத் திரும்பிய பிறகு, முதலில் கொடுத்ததைவிடக் கடுமையான கீமோவைப் பலவீனமான உடலில் செலுத்தி, நோய் மறுபடி அடங்குமா என்று தெரியாமல் காத்திருந்து, அடங்கினால் அப்போது இதே மாற்று சிகிச்சையைச் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பாதையில் பூஞ்சைத் தொற்றுக்கு இளைஞர்களை இழந்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது வெளிநாட்டு வைத்தியம் என்ற மாமாவின் பேச்சுக்கு ஒரு வரி: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடந்து வருகிறது, இன்று தமிழகத்தில் வேறு பல மையங்களும் செய்கின்றன. செலவைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலும் எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்று கேட்டு விண்ணப்பங்களை முன்கூட்டியே தொடங்க அவர் உதவுவார்.

தம்பியிடம் சொல்லுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். அன்பினால்தான் மறைக்கிறீர்கள் என்று அறிவேன். ஆனால் அவர் 36 வயது ஆண்மகன், தன்னினைவோடு இருப்பவர், ஒருத்தியின் கணவர். அவருடைய உடலைப் பற்றிய முடிவுக்கு அவர் மட்டுமே ஒப்புதல் தர முடியும். மாமாவோ நீங்களோ அவருக்காகக் கையெழுத்திட முடியாது. எழுந்து நடமாடும் ஒருவரை மஜ்ஜைப் பரிசோதனைக்குக் காரணம் சொல்லாமல் எப்படி அழைத்துப் போவீர்கள்? வீட்டில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டு அவர் இதைவிடக் கொடியதை ஏற்கெனவே கற்பனை செய்துகொண்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு, இருவருக்கும் அறிக்கைகளை வரிசையாகக் காட்டிச் சொல்லுங்கள். விளக்க முடியாத இடத்தில், இதை மருத்துவரிடம் சேர்ந்து கேட்போம் என்று சொன்னால் போதும்.

அவருக்குத் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாற்று சிகிச்சைக்கு முன் தரப்படும் மருந்துகள் விந்தணு உற்பத்தியை நிரந்தரமாகவே நிறுத்திவிடக்கூடும். அதற்கு முன் விந்தணுவைப் பரிசோதித்து உறைநிலையில் சேமித்து வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே பெற்ற கீமோவால் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. கேட்க வேண்டியவர்கள் அவரும் அவர் மனைவியும். அவர்கள் அறியாமல் அந்த நாட்கள் கடந்துவிட்டால் யாராலும் மீட்டுத் தர இயலாது.

இரண்டாம் கருத்து கேட்க விரும்பினால் அது அவருடைய உரிமை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. மஜ்ஜைப் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம்.

உங்களைப் பற்றியும் உங்கள் குழந்தைகளைப் பற்றியும்

'மரபணு' என்ற சொல்தான் உங்கள் அச்சத்துக்குக் காரணம். மரபணுவில் மாற்றம் என்றாலே மரபு வழி வந்தது என்று பொருளாகாது. உங்கள் தம்பியின் என்பிஎம்1 மாற்றம் பிறவியில் வந்ததன்று. அவர் வளர்ந்தபின் மஜ்ஜையின் ஏதோ ஓர் அணுவில் நேர்ந்து, அந்த அணுவின் வழித்தோன்றல்களில் மட்டும் இருப்பது. அவருடைய தோலிலோ விந்தணுவிலோ அது இல்லை, உங்களிடமும் இல்லை, உங்கள் குழந்தைகளுக்கு இதற்கென எந்தப் பரிசோதனையும் வேண்டியதில்லை. குடும்பத்தில் வேறு சிலருக்கும் ரத்தப் புற்றுநோயோ காரணமில்லாத தட்டணுக் குறைவோ இருந்தால் மட்டும், பிறவியில் வரும் சில அரிய மாற்றங்களைத் தேடுவோம். கொடையாளர் உடன்பிறப்பாக இருக்கும்போது இந்தக் கேள்வி முக்கியமானது. அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பெரியவர்களிடம் மறுபடி ஒருமுறை விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடன்பிறந்த ஒருவரோடு முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அது உங்களுக்கு அமைந்திருக்கிறது. கொடையாளராக நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: முழு உடல் பரிசோதனை, ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவர நான்கைந்து நாள் தோலடியில் ஊசி, பிறகு ஒரு நாளோ இரு நாளோ, நாளுக்குச் சில மணி நேரம், ஒரு கையிலிருந்து ரத்தம் கருவிக்குள் சென்று ஸ்டெம் செல்கள் பிரிக்கப்பட்டு மீதி இன்னொரு கை வழியே உங்களிடம் திரும்பும். அந்த நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் காய்ச்சல் வந்தது போன்ற அசதியும் இருக்கும், பாராசிட்டமாலில் அடங்கும். கடுமையான பாதிப்பு மிக அரிது. மண்ணீரல் சற்று வீங்குவதால் சில வாரம் பளு தூக்க வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு என்று எழுதியிருப்பதைக் கொடையாளர் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லுங்கள். அது கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தடையாகாது. பள்ளியில் ஒரு வாரம் பத்து நாள் விடுப்பு போதும். நீங்கள் கொடுத்த ஸ்டெம் செல்களின் அளவை உங்கள் மஜ்ஜை சில வாரங்களுக்குள் தானே நிரப்பிக்கொள்ளும்.